‘முடிந்தது’ என்பதை ‘குட்’ என்று சொல்லலாமா?

ஆலங்குளத்தைச் சேர்ந்த ஒரு தம்பி, சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். முந்தின இரவு அவர் ஏறவேண்டிய ரயில் ரத்தாகிவிட்டது. திருநெல்வேலியில் பேருந்தைப் பிடித்து, மறுநாள் காலையில் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். எப்படி வந்தீர்கள் என்று அங்கே கேட்டதற்கு, ‘தேர் வாஸ் நோ ட்ரெயின், பட் ஐ குட் ரீச் ஹியர் ஆன் டைம்’ என்று பதில் சொன்னாராம். எதிரே இருந்த அம்மையார் சிரித்துக்கொண்டே, ‘யூ வேர் ஏபிள் டு’ என்று திருத்தினாராம். ‘கேன் என்பதன் இறந்தகாலம் குட் என்றுதானே பள்ளியில் படித்தோம்? முடியும் என்றால் கேன், முடிந்தது என்றால் குட். இதில் என்ன தவறு? குட் ஹாவ், மே ஹாவ், மைட் ஹாவ் என்றெல்லாம் வருகிறதே, அவற்றை எங்கே பயன்படுத்துவது?’ என்று கேட்கிறார்.

அந்த அம்மையார் திருத்தியது சரிதான். பள்ளியில் சொல்லிக் கொடுத்ததும் பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைப் பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகளாக ஆங்கில இலக்கணம் நடத்தியவன் என்ற முறையில் நான் சொல்லிப் பார்க்கிறேன். அதற்கு முன் ஒரு சிறு எச்சரிக்கை: ‘நல்லது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் இதே ‘குட்’ என்றுதான் நிற்கும். இந்தப் பதிலில் வருகின்ற குட் எல்லாம் கேனின் இறந்தகால வடிவம்தான். எந்த இடத்திலும் நான் யாரையும் பாராட்டவில்லை.

சிக்கல் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை, நம்முடைய ‘முடிந்தது’ என்ற சொல்லில் தொடங்குகிறது. முடிதல் என்பது தமிழில் அடிப்படையில் நிறைவேறுதலைக் குறிக்கும் சொல். வேலை முடிந்தது, கல்யாணம் முடிந்தது, அறுவடை முடிந்தது என்கிறோம். அந்தச் சொல்லைத்தான் ஆற்றலைக் குறிக்கவும் எடுத்துக்கொண்டோம் என்பதால், ‘என்னால் நேரத்துக்கு வர முடிந்தது’ என்று ஒருவர் சொல்லும்போது, அவரிடம் வருவதற்கான வழி இருந்தது என்பதும், அவர் வந்தே சேர்ந்துவிட்டார் என்பதும் ஒரே மூச்சில் அதில் அடங்கிவிடுகின்றன. ‘வர முடிந்தது, ஆனால் வரவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் விழிப்பார்.

ஆங்கிலத்துக் கேன் அப்படிப் பிறந்த சொல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது ‘அறிதல்’ என்ற பொருளுடைய வினையாக இருந்தது. நம் மொழியில் அதற்கு நெருங்கிய உறவு ‘முடியும்’ இல்லை, ‘தெரியும்’ தான். நீந்தத் தெரியும், சமைக்கத் தெரியும், சைக்கிள் ஓட்டத் தெரியும் என்கிறோமே, அந்தத் தெரியும். இனி ‘அவனுக்கு அப்போதே நீந்தத் தெரியும்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு, அவன் ஒரு குறிப்பிட்ட நாளில் ஆற்றில் இறங்கி அக்கரை சேர்ந்தான் என்று யாரும் பொருள் கொள்ள மாட்டார்கள். திறமை கையில் இருந்தது. அதை எடுத்துச் செலவழித்தானா என்பது வேறு செய்தி. குட் என்பதும் அவ்வளவையே சொல்கிறது. நிறைவேறியதைச் சொல்ல வேண்டுமானால் ஆங்கிலம் ‘வாஸ் ஏபிள் டு’, ‘மேனேஜ்டு டு’ என்ற தொடர்களுக்குப் போகும்.

நம் ஊர்ப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். தாமிரபரணியின் குறுக்கே, பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் நிற்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த இடத்தில் ஆற்றைக் கடக்கப் படகுதான். ‘பிஃபோர் 1843 பீப்பிள் குட் கிராஸ் ஒன்லி பை போட்’ என்று எழுதலாம். அந்தக் காலம் முழுவதும் நிலவிய ஒரு வசதியைப் பற்றிய பேச்சு அது. ‘ஆஃப்டர் தட், கார்ட்ஸ் குட் கிராஸ் ஈவன் இன் தி ரெயினி சீசன்’ என்பதும் சரியே. பாலம் வந்த பிறகு எந்த வண்டியும் எந்த நாளும் கடக்கலாம் என்ற நிலைமையை அது சொல்கிறது. ஆனால் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற உயர் பதவியில் இருந்த சுலோசன முதலியார், தம் சொந்தப் பணத்தைப் போட்டு அந்தப் பாலத்தைக் கட்டி முடித்தாரே, அதைச் சொல்லும்போது ‘ஹி வாஸ் ஏபிள் டு பில்ட் தி பிரிட்ஜ்’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஹி குட் பில்ட் தி பிரிட்ஜ்’ என்றால் கட்டுகின்ற வசதி அவருக்கு இருந்தது என்பதோடு வாக்கியம் நின்றுவிடும். பாலமோ இன்றைக்கும் வண்டிகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

தம்பியின் வாக்கியம் அந்த அம்மையாரின் காதுக்கு ஏன் வித்தியாசமாகப் பட்டது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குட் என்ற சொல்லுக்கு இறந்தகாலத்தோடு தொடர்பில்லாத ஒரு பிழைப்பும் இருக்கிறது. ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்யலாம்’ என்ற கற்பனை நிலையையும் அதே சொல்தான் தாங்குகிறது. ஆகவே ‘ஐ குட் ரீச் ஹியர் ஆன் டைம்’ என்று சொல்லி நிறுத்தினால், ஆங்கிலம் பழகிய காது அதற்குப் பின்னால் ஒரு ‘இஃப்’ வரும் என்று காத்திருக்கிறது: பேருந்து கிடைத்தால் நேரத்துக்கு வரலாம், விடுதி பக்கத்தில் இருந்தால் வரலாம் என்பது போல. எதிரே நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பவர், வரக்கூடும் என்று சொன்னால் சிரிப்பு வரத்தானே செய்யும்?

பல ஆண்டுகளுக்கு முன் களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர் கரும்பலகையில் ‘லாஸ்ட் இயர் ஐ குட் பாஸ் தி எக்ஸாம்’ என்று எழுதினார். ‘பாஸ் ஆயிட்டியா, இல்லையாடே?’ என்று கேட்டேன். ‘அதான் ஆயிட்டேன்லா சார்’ என்றார் சற்றுக் கோபத்தோடு. அந்த ‘ஆயிட்டேன்லா’ என்பதை ஆங்கிலத்தில் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டதும், சுண்ணக்கட்டியை வாங்கி, குட் பாஸ் என்ற இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு, ‘பாஸ்டு’ என்று எழுதினார். எனக்கு அன்று அவர் கற்றுத் தந்த பாடம் அது. நான் ‘வாஸ் ஏபிள் டு பாஸ்’ என்று எழுதுவார் என எதிர்பார்த்திருந்தேன். அவர் எழுதியது அதைவிடச் சிறந்த ஆங்கிலம்.

நடந்து முடிந்ததை நடந்தது என்று சொல்ல ஆங்கிலத்துக்கு வெறும் இறந்தகால வினையே போதும். நாம்தான் பணிவின் காரணமாகவோ, பழக்கத்தின் காரணமாகவோ எதற்கெடுத்தாலும் ஒரு ‘முடிந்தது’ போட்டுக்கொள்கிறோம். தடை ஏதேனும் இருந்து, அதைத் தாண்டிச் செய்ததைக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘வாஸ் ஏபிள் டு’ பொருந்தும். பாடுபட்டு எப்படியோ சமாளித்ததைக் காட்ட ‘மேனேஜ்டு டு’ இன்னும் பொருந்தும்.

இரண்டையும் பிரித்தறிய வகுப்பில் நான் சொல்லிவந்த உரைகல் ஒன்று உண்டு. இலக்கண நூல்களில் பார்த்து எடுத்ததில்லை. நம் பேச்சைக் கவனித்து எடுத்தது. தமிழில், பழைய வழக்கங்களையும் பழைய திறமைகளையும் சொல்லும்போது எதிர்கால வினைமுற்றையே பயன்படுத்துகிறோம். ‘பத்து வயதில் தாமிரபரணியில் குறுக்குத்துறைப் பக்கம் இறங்கினால் ஒரே மூச்சில் அக்கரைக்கு நீந்திவிடுவேன்’ என்கிறார் எழுபது வயதுப் பெரியவர். நீந்திவிடுவேன் என்பது வடிவத்தில் எதிர்காலம். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முந்திய திறமையைச் சொல்கிறது. இப்படி ‘செய்வேன்’ என்ற வாய்பாட்டில் உங்கள் வாக்கியத்தைத் திருப்பிப் போட முடிந்தால் அங்கே குட் தாராளமாக வரும்: ‘வென் ஐ வாஸ் டென், ஐ குட் ஸ்விம் அக்ராஸ் தி ரிவர்’. திருப்ப முடியாமல் ‘செய்தேன்’ என்றோ ‘செய்ய முடிந்தது’ என்றோதான் நிற்குமானால் குட் வேண்டாம். ‘நேற்று ரயில் இல்லாவிட்டாலும் நேரத்துக்கு வந்துவிடுவேன்’ என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆகவே தம்பியின் வாக்கியத்தில் குட் நிற்காது. இந்த உரைகல் எல்லாவற்றையும் உரசிப் பார்த்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘சாயங்காலமானால் ஆற்றுக்குப் போவோம்’ என்பது திறமை இல்லை, வழக்கம். அதற்கு ஆங்கிலத்தில் ‘வுட்’ அல்லது ‘யூஸ்டு டு’ வரும். திறமையா, வழக்கமா என்ற ஒன்றை மட்டும் நீங்கள் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதே வாய்பாடு இன்னோரிடத்திலும் கைகொடுக்கும். ‘இட் குட் பி வெரி ஹாட் இன் மே’ என்பது ஒருவருடைய திறமையைப் பற்றியது இல்லை. அந்தக் காலத்தில் சில நாள்களில் அப்படி நேர்வதுண்டு என்பதைப் பற்றியது. ‘மே மாதத்தில் சில நாள் வெயில் மண்டையைப் பிளக்கும்’ என்று நாம் சொல்வதற்கு அது நேர். பிளக்கும் என்ற வடிவம் வந்துவிட்டது பாருங்கள்.

இனி விதிவிலக்குகள். பார்த்தல், கேட்டல், முகர்தல், சுவைத்தல், உணர்தல் ஆகிய புலன் வினைகளோடும், புரிதல், நினைவுக்கு வருதல் போன்ற மன வினைகளோடும், ஒரே ஒரு தடவை நடந்ததாக இருந்தாலும் குட் வரும். ‘ரயிலை விட்டு இறங்கியதுமே அல்வா மணத்தது’ என்பதை ‘ஐ குட் ஸ்மெல் தி ஹல்வா’ என்று எழுதுவது நல்ல ஆங்கிலம். காரணம் எளிது. இவற்றில் முயற்சி என்று ஒன்று இல்லை. மூக்குக்கு எட்டிய கணத்திலேயே மணம் வந்தாயிற்று. எட்டுவது வேறு, முகர்வது வேறு என்று பிரிக்க இடமில்லை. தமிழும் இந்த வினைகளைத் தனியாகத்தான் நடத்துகிறது. எனக்குக் கேட்டது, எனக்குத் தெரிந்தது, எனக்குப் புரிந்தது என்று நான்காம் வேற்றுமையில் சொல்லிவிடுகிறோம். செய்தித்தாள்களில் ‘மக்கள் கூட்டம் கூட்டமாகச் செல்வதைக் காண முடிந்தது’ என்று எழுதுகிறார்களே, அது ஆங்கிலத்துக் குட் சீயைத் தமிழில் இறக்கி வைத்ததன் விளைவு. ‘சென்றதைப் பார்த்தோம்’ என்றால் போதும். ஒரு மொழியின் பழக்கம் இன்னொன்றில் ஏறி உட்காருவது இரு திசையிலும் நடக்கிறது.

எதிர்மறையில் வேறுபாடே மறைந்துவிடும். முடியவில்லை என்றால் திறமையும் இல்லை, செயலும் இல்லை, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 2023 டிசம்பர் 17 அன்று இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டதை நம் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியிலிருந்த சரளைக் கற்களை வெள்ளம் அரித்துக்கொண்டு போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகள் இருந்த அந்த வண்டி மேலே போகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. இதை எழுத ‘தி ட்ரெயின் குடன்ட் மூவ்’, ‘தி ட்ரெயின் வாஸன்ட் ஏபிள் டு மூவ்’ ஆகிய இரண்டும் சரி; முன்னது இயல்பாக இருக்கும். ஆனால் 19ஆம் தேதி மீட்புப் படையினர் அவர்களை வெளியே கொண்டுவந்ததை எழுதும்போது ‘தி ரெஸ்க்யூ டீம்ஸ் வேர் ஏபிள் டு பிரிங் தெம் அவுட்’ என்றுதான் எழுத வேண்டும். அங்கே குட் போட்டால், இரண்டு நாள் பசியோடும் இருட்டோடும் காத்திருந்தவர்கள் இன்னும் வெளியே வரவில்லை என்ற ஐயத்துக்கு இடம் கொடுத்துவிடுவீர்கள். ‘ஹார்ட்லி’, ‘ஒன்லி’ போன்ற குறைவுச் சொற்கள் வந்தாலும் எதிர்மறையைப் போலவே குட் செல்லும்: ‘தே குட் ஹார்ட்லி ஸ்லீப்’.

கேள்வி வாக்கியத்தில் மட்டும் கவனம் தேவை. ‘நேற்று டிக்கெட் எடுக்க முடிந்ததா?’ என்பதை ‘குட் யூ கெட் தி டிக்கெட்?’ என்று கேட்டால், டிக்கெட் எடுத்துத் தருகிறீர்களா என்று பணிவோடு வேலை ஏவியதாகவே எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். ‘வேர் யூ ஏபிள் டு கெட்’ என்றோ, வெறுமே ‘டிட் யூ கெட்’ என்றோ கேட்பதுதான் பாதுகாப்பு.

இப்போது குட் ஹாவ். இதைச் சிலர், குட் என்பதன் இன்னும் பழைய இறந்தகாலம் என்று நினைத்து, நடந்ததற்கு எழுதிவிடுகிறார்கள். அது நேர்மாறான பொருளைத் தரும். தம்பி ‘ஐ குட் ஹாவ் ரீச்டு ஹியர் ஆன் டைம்’ என்று சொல்லியிருந்தால், நேரத்துக்கு வந்திருக்கலாம், ஆனால் வரவில்லை என்று ஆகியிருக்கும். கையிலிருந்த ஆற்றல் செலவாகாமல் போனதைச் சொல்வதற்கே அந்தத் தொடர். இதற்குத் தமிழில் மிக நெருங்கிய இணை இருக்கிறது: ‘-இருக்கலாம்’. திருநெல்வேலிச் சீமையில், ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வராமல் போன மருமகனைப் பற்றி அத்தை, ‘ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கலாம்லா’ என்பார். வழி இருந்தது, நேரம் இருந்தது, வரவில்லை, அதனால் மனத்தாங்கல். ‘ஹி குட் ஹாவ் டிராப்டு இன்’ என்ற ஆங்கிலத்தில் அந்த மனத்தாங்கல் உட்பட அத்தனையும் இருக்கிறது. ‘யூ குட் ஹாவ் டோல்ட் மீ’ என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் அது இலக்கணச் செய்தி இல்லை, வருத்தம். ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா’ என்பதன் நேர்ப்பெயர்ப்பு.

‘-இருக்கலாம்’ என்பதற்கு நம்மிடம் இன்னொரு பொருளும் உண்டு. கதவு பூட்டியிருக்கிறது, ‘வெளியே போயிருக்கலாம்’ என்கிறோம். இங்கே மனத்தாங்கல் இல்லை, ஊகம் மட்டுமே. வியப்பு என்னவென்றால், குட் ஹாவும் இதே இரட்டைப் பிழைப்பை நடத்துகிறது. ‘ஹி குட் ஹாவ் கான் அவுட்’ என்பது, போயிருக்கலாமே ஏன் போகவில்லை என்றும் பொருள்படும். ஒருவேளை போயிருக்கலாம் என்றும் பொருள்படும். தமிழில் குரலின் ஏற்ற இறக்கமும் ‘லா’ போன்ற ஒட்டும் இரண்டையும் பிரித்துக் காட்டுவதைப் போலவே, ஆங்கிலத்திலும் சூழலும் அழுத்தமும்தான் பிரித்துக் காட்டும். இந்த ஓரிடத்தில் தமிழர்களுக்கு ஆங்கிலம் கடினமாக இருக்கவே கூடாது என்பது என் எண்ணம். ஆனாலும் மாணவர்கள் இங்கேதான் தயங்குகிறார்கள், ஏனென்றால் அவர்கள் ‘இருக்கலாம்’ என்பதிலிருந்து தொடங்காமல் ‘முடிந்திருக்கும்’ என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். ‘பணம் இருந்திருந்தால் வாங்க முடிந்திருக்கும்’ என்பதற்கும் குட் ஹாவ் வரும் என்பது உண்மைதான்: ‘இஃப் ஐ ஹாட் ஹாட் தி மனி, ஐ குட் ஹாவ் பாட் இட்’. அங்கும் வாங்கவில்லை என்பதே செய்தி.

ஊகத்தின் படிநிலைகளைப் பார்க்க ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. ஆதிச்சநல்லூர்ப் பரம்பு மேட்டில் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி நடத்திய அகழாய்வில், முதுமக்கள் தாழிகளோடு இரும்புப் பொருள்கள், வெண்கலப் பொருள்கள், பொன்னால் செய்த நெற்றிப்பட்டங்கள், நெல் உமி ஆகியவை கிடைத்தன. அந்த மக்களைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் எஞ்சியதை வைத்துச் செய்யும் ஊகமே என்பதால், இந்த வினைகளுக்கு அதைவிடப் பொருத்தமான களம் கிடையாது.

இரும்புக் கருவிகள் கையில் இருக்கின்றன. ஆகவே ‘தே மஸ்ட் ஹாவ் நோன் அயர்ன்’: அவர்களுக்கு இரும்பு தெரிந்திருக்க வேண்டும். சான்று வேறு முடிவுக்கு இடம் தராதபோது மஸ்ட் ஹாவ். நெல் உமி இருப்பதால் அரிசி உண்டிருப்பார்கள் என்று சொல்வோம். ‘உண்டிருப்பார்கள்’ என்ற நம் வடிவமும் மஸ்ட் ஹாவுக்குப் பக்கத்தில் உட்காரக்கூடியதுதான். பொன் பட்டத்தோடு புதைக்கப்பட்டவர் தலைவராக இருந்திருக்கலாம், செல்வராக இருந்திருக்கலாம், பூசாரியாகவும் இருந்திருக்கலாம். பட்டம் அதைச் சொல்லவில்லை. ஆகவே ‘ஹி மே ஹாவ் பீன் எ சீஃப்’. மைட் ஹாவ் என்றால் அதே ஊகம் இன்னும் சற்று மெலிந்த குரலில். குட் ஹாவ் என்றால், அப்படி இருந்திருக்க இடமுண்டு, தடையொன்றும் தெரியவில்லை என்ற அளவில். இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எதிர்முனையில் கான்ட் ஹாவும் குடன்ட் ஹாவும் நிற்கின்றன. ‘தே கான்ட் ஹாவ் ஈட்டன் சில்லீஸ்’: அவர்கள் மிளகாய் தின்றிருக்க முடியாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் கடல் வழியாக வந்த பிறகே நம் குழம்பில் விழுந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, மறுப்பு எதன்மேல் விழுகிறது என்பது. ‘மே நாட் ஹாவ்’, ‘மைட் நாட் ஹாவ்’ ஆகியவை செயலை மறுத்துவிட்டு ஊகத்தை அப்படியே விடுகின்றன: வராமல் இருந்திருக்கலாம். குடன்ட் ஹாவ் ஊகத்தையே மறுக்கிறது: வந்திருக்க வழியே இல்லை. வழக்கு மன்றத்தில் சாட்சி சொல்பவர் ‘அவர் அங்கே இல்லாமல் இருந்திருக்கலாம்’ என்பதற்கும் ‘அங்கே இருந்திருக்கவே முடியாது’ என்பதற்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் இவற்றுக்கு நடுவே இருக்கிறது.

மஸ்ட் ஹாவில் தமிழர் விழும் குழி ஒன்றுண்டு. ‘வந்திருக்க வேண்டும்’ என்று நாம் சொல்வது இரு பொருள்படும். செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்த்து ‘அவன் வந்திருக்க வேண்டும்’ என்பது மஸ்ட் ஹாவ். கல்யாணத்துக்கு வராதவனைப் பற்றி ‘அவன் வந்திருக்க வேண்டும்’ என்பது ஷுட் ஹாவ். ‘நேற்று நான் வர வேண்டியிருந்தது’ என்ற கட்டாயமோ இந்த இரண்டிலும் சேராது. அது ‘ஹாட் டு’. விடுப்புக் கடிதங்களில் ‘ஐ மஸ்ட் ஹாவ் கான் டு மை நேட்டிவ்’ என்று நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். தான் ஊருக்குப் போனோமா இல்லையா என்பதைத் தானே துப்பறிந்து கண்டுபிடித்ததைப் போல இருக்கும் அது.

மே ஹாவ், மைட் ஹாவ் இடைவெளி சிறியது என்றேன். ஓரிடத்தில் மட்டும் அது உயிர் போகும் இடைவெளி. குறுக்குத்துறையில் படியில் வழுக்கிய ஒரு பையனைப் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பிடித்து இழுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். கரையில் நடுங்கிக்கொண்டு நிற்கும் அவனைப் பார்த்து, ‘இல்லேன்னா முங்கிச் செத்திருப்பான்’ என்பதை ‘ஹி மைட் ஹாவ் ட்ரவுன்ட்’ என்றோ ‘குட் ஹாவ் ட்ரவுன்ட்’ என்றோ எழுத வேண்டும். ‘ஹி மே ஹாவ் ட்ரவுன்ட்’ என்றால் ஆள் இன்னும் அகப்படவில்லை, மூழ்கியிருக்கக்கூடும் என்று பொருள். இப்போது ஆங்கிலம் பேசுவோரே சிலர் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள், இலக்கணம் பார்ப்பவர்கள் அதைக் குறை சொல்கிறார்கள். தந்தி கொடுக்கும் காலமாக இருந்தால் அந்த ஒரு சொல்லால் ஒரு வீட்டில் ஒப்பாரி எழுந்திருக்கும்.

சிறு சங்கதிகள் சில மிச்சம். பேச்சில் குட் ஹாவ் என்பது ‘குடவ்’ என்று சுருங்கி ஒலிப்பதால், ஆங்கிலேயப் பிள்ளைகளே அதை ‘குட் ஆஃப்’ என்று எழுதிவிடுகிறார்கள், அது பிழை. ஆங்கில எழுத்தில் குட் என்ற சொல்லின் நடுவே ஒலிக்காமல் கிடக்கும் ‘எல்’ எழுத்தும் ஒரு வந்தேறிதான். வுட், ஷுட் ஆகியவற்றில் அது வேர்ச்சொல்லிலேயே உண்டு, கேனில் கிடையாது. அவற்றைப் பார்த்து இதற்கும் ஒன்றைச் செருகி எழுதத் தொடங்கி அதுவே நிலைத்துவிட்டது. அடுத்து, பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது கேன் குட் ஆவது காலத்தின் காரணமாக இல்லை, வாக்கிய அமைப்பின் காரணமாக: ‘ஹி செட் ஹி குட் கம்’ என்றால் ‘வர முடியும் என்றார்’ என்பதே பொருள், வந்தார் என்பது இல்லை. அனுமதியிலும் பழைய வேறுபாடே தொடர்கிறது. ‘அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்’ என்பதற்குக் குட். ‘நேற்று எங்களை உள்ளே விட்டார்கள்’ என்பதற்கு ‘வேர் அலௌடு டு’.

தம்பி சொன்ன அந்த வாக்கியத்தை, அடுத்த நேர்முகத் தேர்வில் யாராவது கேட்டால், ‘தேர் வாஸ் நோ ட்ரெயின், ஸோ ஐ டுக் தி பஸ் அண்ட் காட் ஹியர் ஆன் டைம்’ என்று சொல்லலாம். பட்ட பாட்டையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றினால், ‘மேனேஜ்டு டு கெட் ஹியர்’ என்று சொல்லலாம். இரவு முழுக்கப் பேருந்தில் நின்றுகொண்டே போயிருந்தால் இரண்டாவதைச் சொல்வதில் தவறே இல்லை.